டை ஊசி போட்டவர் கையில் மருந்தின் பெயர் இருக்க வேண்டும்

சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போய் சிடி ஸ்கேன் எடுத்து வருபவர்களின் பையில் பிலிம் இருக்கும், ரிப்போர்ட் இருக்கும், பில்லும் இருக்கும். ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிய என்ன டை மருந்து ஏற்றினார்கள் என்ற சீட்டு பெரும்பாலும் இருக்காது. அடுத்த முறை, “போன தடவை டை ஊசி ஒத்துக்கலைங்க” என்பார்கள். எந்த மருந்து என்று கேட்டால் பதில் இல்லை.

டை ஏற்றிய ஒவ்வொருவருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தர வேண்டும் என்பதே எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு. ஒவ்வாமை வந்திருந்தால் எத்தனையாவது நிமிடம், என்ன தொல்லை, என்ன சிகிச்சை என்பதும் அதில் வேண்டும். ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். பெயர் தெரிந்தால் மருத்துவர் வேறு டை மருந்துக்கு மாற்றலாம்.

டை மருந்தில் அயோடின் உண்டு; அதற்காக “அயோடின் அலர்ஜி” என்று மட்டும் எழுதுவது தவறு. தினமும் உப்பில் அயோடினைச் சாப்பிடுகிறோம். இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு டை ஆகாது என்ற பேச்சும் ஆதாரமற்றது. இறாலில் தொல்லை தருவது அதன் தசைப் புரதம். ஊசி ஏறும்போது உடம்பு சூடாவதும் அலர்ஜி அல்ல.

பயந்து ஸ்கேனைத் தவிர்க்க வேண்டாம். 1990இல் வெளியான, 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய ஜப்பானிய ஆய்வில், பழைய அயனி வகை மருந்தில் பத்தாயிரம் பேருக்கு 22 பேரிடம் கடும் ஒவ்வாமை காணப்பட்டது. இன்று புழங்கும் அயனியல்லாத வகையில் அது 4 பேர்தான்.

அந்த நான்கு பேர் யார் என்பதை, முன்கூட்டிச் சிறிதளவு ஏற்றிப் பார்க்கும் டெஸ்ட் டோஸ் காட்டித் தராது. அதில் தேறியவருக்கும் மூச்சு முட்டியதுண்டு. கடும் ஒவ்வாமை பெரும்பாலும் முதல் 20 நிமிடத்துக்குள் வந்துவிடும். ஆகவே அரை மணி நேரம் நோயாளியை அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும். அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மூச்சுத் திணறி ரத்த அழுத்தம் இறங்கும்போது பெரியவர்களுக்குத் தொடையின் வெளிப்புறத் தசையில் அரை மில்லிகிராம் அட்ரினலின்தான் முதல் மருந்து. அலர்ஜிக்குப் போடும் அவில், டெக்சா ஊசிகள் அதற்கு ஈடாகா.

தோல் தடிப்பு சில நாள் கழித்தும் வரலாம். அதற்குள் ஒருவர் காரவள்ளியில் ஏறி 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கொல்லிமலை வீட்டில் இருப்பார். எனவே சீட்டில் ஸ்கேன் மையத்தின் தொலைபேசி எண்ணும் தேவை.

ஸ்கேன் முடிந்ததும் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆதார் அட்டையோடு பத்திரமாக வையுங்கள்.