பற்சக்கரமும் தமிழ் வகுப்பும்

கையில் எண்ணெய்க் கறை படிந்தவனுக்குக் கல்வியுலகில் இடமில்லை என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றிவிட்டது. “படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போவாய்” என்று மாணவனை அச்சுறுத்தாத ஆசிரியர் அரியர். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பொய்கள் ஒளிந்திருக்கின்றன. பட்டறைக்குப் படிப்பு வேண்டாம் என்பது ஒன்று; பட்டறையில் நிகழ்வதைச் சொல்லத் தமிழ் வேண்டாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மறுக்கப் பெரிய நூல்கள் தேவையில்லை. ஒரு பற்சக்கரம் போதும்.

மோட்டார் சைக்கிளில் கியர்ப் பெட்டியின் பக்கம் ஒன்றும் பின்சக்கரக் குடத்தின் பக்கம் ஒன்றுமாக, சங்கிலியைத் தாங்கிச் சுழலும் பல்வட்டையே பற்சக்கரம் என்கிறோம். பட்டறையில் அது ஸ்பிராக்கெட். பழைய டிரையல்ஸ் வண்டிகளுக்கு இதனைப் பொருத்துவது எளிய வேலையன்று. டிரையல்ஸ் என்பது வேகப் போட்டியன்று. பாறையிலும் சேற்றிலும் ஓடையிலும் காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியைச் செலுத்தும் திறன் போட்டி. அதற்கு வண்டி ஆமையாய் ஊர்ந்தும் வலிமை குன்றாதிருக்க வேண்டும். முன்னே சிறிய பற்சக்கரமும் பின்னே பெரிய பற்சக்கரமும் அமைவது அதனால்தான்.

இவ்வரலாறு தமிழர்க்குத் தொலைவானதுமன்று. ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல்ஸ் போட்டியில் 1952இல் ஜானி பிரிட்டன் வென்றது ராயல் என்ஃபீல்டு புல்லட் வண்டியில். 1955இல் சென்னையில் அந்நிறுவனத்தின் இந்தியக் கூட்டு முயற்சி தொடங்கியது. இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. திருவொற்றியூர் ஆலையோ புல்லட்டைத் தொடர்ந்து உருவாக்கியது. பிறந்த வீடு மூடிய பின்னும் அவ்வண்டியை வாழவைத்தவை தமிழ்நாட்டுக் கைகள்!

“தொழிற்சாலை செய்த அசல் பாகமே பாகம், மற்றவை ஒட்டுவேலை” என்பர் சிலர். ஸ்பெயின் நாட்டு புல்டாகோ நிறுவனம் 1983இல் மூடப்பட்டது. 1965இல் சாமி மில்லருக்கு ஸ்காட்லாந்து வெற்றியைத் தந்த ஷெர்பா வண்டியின் உரிமையாளர் இன்று எந்தத் தொழிற்சாலைக் கதவைத் தட்டுவார்? வேறு சிலர் செய்து விற்கும் பாகங்களும் வேண்டிய பல்லெண்ணிக்கையில் எப்போதும் கிடைப்பதில்லை. அசலுக்காகக் காத்திருப்பவரின் வண்டி துருப்பிடிக்கிறது. அளந்து பொருத்தத் தெரிந்தவரின் வண்டி ஓடுகிறது.

ஆயினும் கிடைத்ததை மாட்டுவது பொருத்துதல் ஆகாது. நம் தெருக்களில் ஓடும் கப்சாய் வண்டிகளின் சங்கிலியில் ஆணிக்கும் ஆணிக்கும் உள்ள இடைவெளி 12.7 மில்லிமீட்டர். பெரிய டிரையல்ஸ் வண்டிகள் பலவற்றில் அது 15.875 மில்லிமீட்டர். ஒன்றின் பல்லில் மற்றதன் சங்கிலி அமராது. சங்கிலி மாறினால் முன்னும் பின்னும் இரண்டு சக்கரங்களும் உடன் மாறவேண்டும்.

பின் கணக்கு வருகிறது. முன்னே 12 பல்லும் பின்னே 48 பல்லும் இருந்தால் விகிதம் 4. முன்னே ஒரே ஒரு பல்லைக் குறைத்து 11 ஆக்கினால் விகிதம் ஏறத்தாழ 4.36. அதே பயனைப் பின்சக்கரத்தில் பெற நான்கு பற்கள் கூட்டவேண்டும். இது வகுத்தற் கணக்கு அன்றோ?

கடைசல் பட்டறையில் பல்வட்டின் நடுத்துளையைக் குடத்தின் தோளுக்கு இறுக்கமாய் அமையுமாறு கடைகிறார்கள். துளை சிறிதே விலகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் சங்கிலி ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தொய்யும். ஆறு திருகாணித் துளைகளுக்கு வட்டத்தைப் பகுக்க, கவராயத்தை ஆரத்தின் அளவுக்கே விரித்து ஆறு முறை நகர்த்தினால் போதும். வட்டத்துள் அமையும் சம அறுகோணத்தின் பக்கம் ஆரத்திற்குச் சமம் என்னும் வடிவியல் உண்மை அங்கே இரும்பில் பதிகிறது. பற்றவைக்கும் வெப்பம் பல்லைத் தொட்டால் அதன் கடினம் கெடும் என்னும் உலோக அறிவும் வேண்டும். இத்தனையும் படிப்பில்லையென்றால் படிப்பு என்பதுதான் என்ன?

கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்வறிவு நமக்குப் புதிதன்று. செந்தூல் இரயில்வே பட்டறையில் உழைத்தவர்களும், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களும், தோட்டத்து ஆலைகளில் இயந்திரம் ஓட்டியவர்களும் நம் பாட்டன்மார். இரப்பர் மரத்தின் கண்ணீரை நம் கதைகள் நிறையப் பாடின, அது வேண்டியதே. ஆனால் ஆலையின் இயந்திரத்தை இயக்கிய அறிவை எத்தனை கதைகள் சொல்லின? துன்பத்தை எழுதினோம், திறமையை எழுத மறந்தோம். எழுதப்படாத திறமை அதை உடையவரோடு சுடுகாட்டுக்குப் போகிறது.

“இவற்றுக்குத் தமிழில் சொல் ஏது?” என்று கேட்பவர் மாட்டுவண்டியைப் பார்த்தறியாதவர். குடம், ஆரக்கால், அச்சு, கடையாணி எல்லாம் நம் சக்கரத்தின் சொற்களே. உருவத்தின் சிறுமை கண்டு எவரையும் இகழாதே என்று சொல்ல வந்த வள்ளுவர், தேரின் ஆணியைத்தான் சான்று காட்டினார். சொல் இல்லாத இடத்தில் கடன் வாங்குவோம், அதிலும் இழுக்கில்லை. வடசொல் தமிழுக்குள் வரும்போது தமிழ் எழுத்துக்கு இசைந்து வரவேண்டும் என்று தொல்காப்பியர் வரையறுத்தது வேறென்ன? வந்த சக்கரத்தின் துளையை நம் குடத்துக்கு ஏற்பக் கடைந்துகொள்ளும் முறைதானே அது!

எனவே தமிழாசிரியப் பெருமக்களே, ‘ஆற்றங்கரையில் ஒரு மாலைப் பொழுது’ என்னும் கட்டுரைத் தலைப்புக்குச் சற்றே ஓய்வு கொடுங்கள். கிள்ளானிலோ செந்தூலிலோ உள்ள ஒரு பட்டறைக்கு மாணவரை அனுப்புங்கள். அங்குள்ள முதியவர் எதை எப்படி அளக்கிறார், எந்தச் சொல்லால் அழைக்கிறார் என்பதைப் பிழையற்ற தமிழில் எழுதிவரச் செய்யுங்கள். மலாயும் சீனமும் ஆங்கிலமும் கலந்த அச்சொற்களைத் தொகுத்தால் அது இந்நாட்டுத் தமிழின் அகராதியில் ஒரு புதிய பக்கமாகும்.

மாணவர்களே, பட்டறைக்குப் போவது தண்டனை என்று எவரேனும் உங்களிடம் சொன்னால், 48 பற்களுக்கு வட்டத்தை எப்படிப் பகுப்பது என்று அவரிடம் பணிவோடு கேளுங்கள். விடை வரும்வரை காத்திருங்கள்.