டம்ப் கோப்பு சொல்லும் பெயர்

விண்டோஸ் கணினி நீலத்திரையுடன் நின்றுபோகும்போது அந்நேரத்து நினைவகத்தின் நிலை டம்ப் எனப்படும் கோப்பாக எழுதப்படுகிறது. அதனை விண்டிபக் என்னும் கெர்னல் பிழைத்திருத்தியில் திறந்து அனலைஸ் கட்டளையை இட்டால், ‘இதனால் நேர்ந்திருக்கலாம்’ என்ற பொருள்பட ஒரு டிரைவரின், அதாவது சாதனங்களையும் இயங்குதளத்தையும் இணைக்கும் நிரலின், பெயர் கிடைக்கும். பெயர் பெற்ற டிரைவரை நீக்கினால் சிக்கல் தீரும் என்பது பரவலான நம்பிக்கை. ‘லாம்’ என்ற ஈற்றை எவரும் பொருட்படுத்துவதில்லை.

விழுந்தவனே தவறிழைத்தவன் என்பதே அந்நம்பிக்கையின் அடித்தளம். இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலின் அமைப்பு அதற்கு இடம் தருவதில்லை. டிரைவர்கள் அனைத்தும் பூல் எனப்படும் பொது நினைவகத்திலிருந்தே தமக்கு வேண்டிய பகுதிகளைப் பெறுகின்றன. 64-பிட் விண்டோஸில் இத்தகைய சிறு பகுதி ஒவ்வொன்றின் முன்னும் 16 பைட் அளவில் ஒரு தலைப்பு அமைந்திருக்கும். ஒரு டிரைவர் தன் எல்லை கடந்து எழுதிவிட்டால் அண்டைப் பகுதியின் தலைப்பு சிதையும். எனினும் அப்போது எதுவும் நிகழாது. அப்பகுதியின் உரிமையாளர் பின்னொரு வேளை அதனை விடுவிக்க முற்படும்போதுதான் கெர்னல் சிதைவைக் கண்டு இயக்கத்தை நிறுத்துகிறது. அவ்வேளை ஸ்டாக்கில், அதாவது செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைத்த வரிசையில், காணப்படுவது பறிகொடுத்தவரின் பெயரே. எல்லை மீறியவரின் சுவடு அங்கே இருக்க வேண்டியதில்லை. இதற்காகவே டிரைவர் வெரிஃபையர் என்னும் கருவி, ஐயத்திற்குரிய டிரைவரின் பகுதிகளை நினைவகப் பக்கத்தின் விளிம்பில் நிறுத்தி, அடுத்த பக்கத்தை அணுக இயலாததாக்கி, மீறல் நிகழும் கணத்திலேயே கணினியை நிறுத்துகிறது.

கெர்னல் கோப்பின் பெயரே வந்தால் விண்டோஸை மீண்டும் நிறுவ வேண்டும் என்பது இன்னும் மெலிந்த வாதம். கணினியை நிறுத்தும் செயற்கூறு கெர்னலுக்குள்ளேயே இருப்பதால், அப்பெயர் ஸ்டாக்கின் உச்சியில் எப்போதும் இருக்கும்.

பிழைத்திருத்தி காட்டும் ஸ்டாக் ஐயத்திற்கு அப்பாற்பட்டது என்பதும் ஏற்கத்தக்கதன்று. முகவரிகளைச் செயற்கூறுகளின் பெயர்களாக மாற்றித் தரும் சிம்பல் கோப்பு, டம்பில் உள்ள நிரலின் அதே பதிப்புக்கு உரியதாக இருத்தல் வேண்டும்; இல்லையெனில் பிழைத்திருத்தி வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட பெயர்களுள் அருகிலுள்ள ஒன்றை எடுத்து, பெரியதொரு இடைவெளி எண்ணுடன் ஒட்டிவிடுகிறது. அவ்வெண் ஆயிரக்கணக்கில் நீண்டால், விடையை நம்புவதற்கு முன் ‘சிம் நாய்சி’ கட்டளையால் சிம்பல் தேடலின் தடத்தைப் பார்ப்பதே முறை. சிறு டம்பில் நிரல்களின் முழு உருவம் இராது. 64-பிட் ஸ்டாக்கைப் பின்னோக்கிப் படிக்க உதவும் அட்டவணை நிரல் கோப்பினுள் இருப்பதால், அக்கோப்பு கிடைக்காதபோது வரிசையே பிறழக்கூடும்.

2024 ஜூலை 19 அன்று மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் கணினிகளை முடக்கிய நிகழ்வில், டம்ப் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் டிரைவரைச் சரியாகவே சுட்டியது என்று எதிர்வாதம் எழலாம். சுட்டியது உண்மை. ஆயினும் 20 உள்ளீடுகள் மட்டுமே தரப்பட்ட இடத்தில் 21-ஆவதைப் படிக்க அந்த டிரைவரைத் தூண்டியது, அன்று புதிதாக வந்த ஒரு தரவுக் கோப்பு. கணினிகளை மீட்க நிர்வாகிகள் நீக்கியதும் டம்ப் பெயர் சொன்ன டிரைவரை அல்ல, அக்கோப்பையே.