புள்ளி விழுந்தால் யார் பொறுப்பு?

விழுப்புரமோ திண்டிவனமோ, நோட்டீஸில் பிழை வந்தால் திட்டு வாங்குவது அச்சகக்காரர்தான். ஈய எழுத்துக் காலத்தில் அது நியாயம். கம்பாசிட்டர் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி அடுக்கியதால் ஒவ்வொன்றிலும் அவர் கண் பட்டது. ஆஃப்செட்டில் அந்தக் கண் கிடையாது. ஒரிஜினலில் இருப்பது பிழையோடு அப்படியே பிளேட்டில் ஏறும். எனவே பொறுப்பு ஒரிஜினல் கொடுப்பவருடையது என்பதே என் கட்சி.

தமிழுக்கு இதில் தொல்லை அதிகம். சிவப்புப் பட்டையில் 8 பாயின்ட் வெள்ளை எழுத்து வைத்தால், மை பரவி முதலில் அடைபடுவது மெய்யெழுத்தின் புள்ளி. கறுப்பு எழுத்தை நாலு வண்ணத்திலும் கலந்து வைத்தால், தாள் மயிரிழை நகர்ந்தாலும் அந்தப் புள்ளி இரண்டாகத் தெரியும். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மட்டும் போதும். போனில் தட்டியது யூனிகோடு. பல டிடிபி கடைகளில் இன்னும் ஓடுவது பழைய எழுத்துரு. மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஃபைலைத் திறந்தால் வெறும் குப்பைதான். அதனால்தான் எழுத்தைக் கர்வ் ஆக்கி, அதாவது வெறும் வடிவமாக மாற்றி, பிடிஎஃப் கேட்கிறார்கள். கர்வ் ஆக்கியபின் தட்டித் திருத்த முடியாது. புரூஃப் அதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். ஏ4 முழுக்கப் படம் என்றால் 300 டிபிஐக்கு 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். கட்டிங்குக்குச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள்.

‘காசு கொடுக்கிறோமே, அவரே பார்க்கட்டும்’ என்பார்கள். ஊர்ப் பெயரில் பிழை என்றால் பார்ப்பார். தாய்மாமன் இன்ஷியல் ‘மு’வா ‘மூ’வா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எல்லார் வீட்டிலும் கணினி இல்லையே என்பது நியாயமான கேள்வி. ஆனால் பிழை பார்க்கக் கணினி வேண்டாம். தாளில் எடுத்த புரூஃபும் பேனாவும் போதும். சட்டமும் அச்சிடக் கொடுப்பவரிடமிருந்துதான் தொடங்குகிறது. தேர்தல் நோட்டீஸ் என்றால், 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவுப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரை அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழி இல்லாமல் அச்சடிக்கக் கூடாது. அச்சானதும் நோட்டீஸின் பிரதியோடு உறுதிமொழியின் நகல் மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்யாணப் பத்திரிகைக்கு அப்படிச் சட்டம் இல்லை. ஆனாலும் புரூஃபில் கையெழுத்துப் போடாமல் பிளேட் போடச் சொல்லாதீர்கள்.