சிறைக்குள்ளும் சட்டம் உண்டு

"ஜெயிலுக்குப் போனவனுக்கு என்ன உரிமை வேண்டிக் கிடக்கிறது?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. குற்றம் செய்தவன் அனுபவிக்கட்டும் என்பது அவர்கள் வாதம். தம் வீட்டுப் பிள்ளையைப் போலீசார் அழைத்துச் செல்லும் வரையில் அந்த வாதம் இனிக்கும்.

2022-ம் ஆண்டு இறுதியில் நம் நாட்டுச் சிறைகளில் சுமார் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர் இருந்தார்கள். நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் சொல்லாதவர்கள். 100 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேர் அடைக்கப்பட்டிருந்தார்கள். இது அரசே வெளியிட்ட கணக்கு.

தண்டனை பெற்றவனாகவே இருந்தாலும், கோர்ட்டு அவனிடமிருந்து எடுத்துக்கொள்வது நடமாடும் சுதந்திரத்தைத்தான். அவன் சோற்றையும், மருந்தையும், மானத்தையும் பறிக்கச் சொல்லி எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதுவதில்லை.

சிறைக் கொடுமை ஏழைகளுக்கு மட்டும் நேர்வது என்றும் எண்ண வேண்டாம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ம் ஆண்டு, சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டனர். சென்னை மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த சிட்டிபாபு அடிபட்டார். மறு ஆண்டு உயிரிழந்தார். நீதிபதி இஸ்மாயில் கமிஷன் அந்தச் சிறையில் நடந்தவற்றை விசாரித்தது. ஆனால் கொடுமை நடந்த நாளில் கோர்ட்டுக் கதவைத் தட்ட வழியில்லை. ஆட்கொணர்வு மனுவே செல்லாது என்று 1976 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது.

இன்று அந்த நிலை இல்லை. கதவு திறந்திருக்கிறது. அதைத் திறந்தது ஒரு கைதி எழுதிய கடிதம். 1979-ம் ஆண்டு டெல்லி திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா என்ற கைதி, பணம் கேட்டு ஒரு சிறைக் காவலர் சக கைதியைச் சித்திரவதை செய்ததாக சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிக்கு எழுதினார். முத்திரைத்தாள் இல்லை, வக்கீல் கையெழுத்து இல்லை. அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றது கோர்ட்டு. இரண்டு வக்கீல்களைச் சிறைக்குள் அனுப்பி நிலைமையை அறிந்து வரச் செய்தது. கைதிகளின் குறைகளைப் போடப் பெட்டி வைக்க வேண்டும், நீதிபதிகள் சிறைக்கு நேரில் சென்று குறை கேட்க வேண்டும், கைதிக்குள்ள உரிமைகளை அவனுக்குப் புரியும் மொழியில் அச்சிட்டுத் தர வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அடிபட்டவர் எழுதவில்லை, அவருக்காக இன்னொருவர் எழுதினார். உள்ளே இருப்பவன் புகார் செய்தால் அடுத்த வேளை என்ன நடக்குமோ என்று அஞ்சுவான். எனவே மனைவி எழுதலாம், அண்ணன் தம்பி எழுதலாம், நண்பர் எழுதலாம், சங்கத்தின் செயலாளரும் எழுதலாம்.

யாருக்கு எழுதுவது? முதல் இடம், காவலில் வைக்க உத்தரவிட்ட மாஜிஸ்திரேட்டு. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் அவர் முன் நிறுத்த வேண்டும். அடித்திருந்தாலும், மருந்து தரவில்லை என்றாலும் அங்கேயே வாய் திறந்து சொல்ல வேண்டும். பதிவு செய்யும்படி கேட்க வேண்டும். வீடியோவில் ஆஜர்படுத்தினாலும் இது பொருந்தும். அடுத்து மாவட்ட நீதிபதி. அவருக்கும் மேலே, அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவின்படி பெங்களூரு ஐகோர்ட்டு. மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணம் இல்லாமல் எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுதிவிட வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச வக்கீல் உண்டு. கோலார் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் இதைக் கேட்டுப் பெறலாம். 15100 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

கைதிக்கு மட்டும் அல்ல, சிறை அதிகாரிக்கும் சட்டம் கடமை விதித்திருக்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு கூறுவது இது: ஒரு குற்றத்துக்குரிய அதிகபட்ச தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவரையும், முதல் முறை வழக்கில் சிக்கியவராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு கழித்தவரையும் வெளியே விட வழி செய்ய வேண்டும். இதற்காகக் கோர்ட்டுக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளர் பொறுப்பு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. நாள் எத்தனை ஆயிற்று என்று வீட்டார் கணக்கு வைத்திருந்தால், அதிகாரி மறந்தாலும் நினைவூட்டலாம்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. தங்கவயலுக்கு இது புதிதல்ல. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது முதல் நம் ஆட்கள் விடியும் முன் ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கப் போகிறார்கள். அங்கே ஒரு வழக்கில் சிக்கினால், ஜாமீன்தாரர் கொண்டு வா, சொத்துக் காட்டு என்கிறார்கள். லைன் வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தும் கையில் பத்திரம் இல்லாத குடும்பம் எந்தச் சொத்தைக் காட்டும்? பரப்பன அக்ரஹாரத்துக்கு மனு பார்க்கப் போனாலே அன்றைய கூலி போய்விடுகிறது.

இதற்கும் தீர்ப்பு உண்டு. 1978-ம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாரிடம் 10 ஆயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரர் முன்வந்தபோது, உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளினார்கள். இதை சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தது. ஊர் விட்டு ஊர் சென்ற தமிழரோ, கன்னடரோ, மலையாளியோ தொலைதூரத்தில் கைதானால் அங்கே ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் கேட்டார். ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடும்படி கோர்ட்டு கூறியது. ஜாமீன் தொகை கட்ட முடியாத ஏழைக் கைதிகளுக்கு உதவ 2023-ல் மத்திய அரசே ஒரு திட்டம் வகுத்தது. அதையும் கேட்டுப் பெற வேண்டும்.

சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பதும் செல்லாது. கூட்டுவதும் கழிப்பிடம் கழுவுவதும் இன்ன சாதிக்கு என்ற சிறை விதிகளை 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. சுரங்கத்தின் ஆழத்திலும் தலை நிமிர்ந்து உழைத்த தங்கவயல் மக்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

காலம் தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கர்நாடகத்திலேயே சாட்சி இருக்கிறது. வீரப்பன் வழக்குகளில் 1993 முதல் தடா சட்டத்தில் கைதான மலைக் கிராமத்தவர், தமிழரும் கன்னடருமாக, மைசூர் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தனர். 2000-ம் ஆண்டு நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்ட பிறகே நாடு அவர்களைப் பற்றிப் பேசியது. மிரட்டலுக்குப் பணிந்து விடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு தடுத்தது. 2001-ல் தனிக் கோர்ட்டு தீர்ப்பு வந்தபோது பெரும்பாலோர் விடுதலையானார்கள். கடத்தல்காரனின் மிரட்டல் அவர்களை மீட்கவில்லை. விசாரணை முடிந்ததுதான் மீட்டது. அந்த விசாரணை முன்பே முடிந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும்!

போன ஆண்டுகளைச் சட்டம் திருப்பித் தராது. ஈடு மட்டுமே தரும். 1968-ல் விடுதலைத் தீர்ப்பு பெற்றும் 14 ஆண்டுகள் பீகார் சிறையில் வைக்கப்பட்டிருந்த ருதுல் சாவுக்கு 1983-ல் சுப்ரீம் கோர்ட்டு 35 ஆயிரம் ரூபாய் வழங்கச் செய்தது. சிறைக் கொடுமைக்கு அரசு பணம் கொடுத்தே தீர வேண்டும் என்பதற்கு அந்தத் தீர்ப்பு வழி வகுத்தது.

சிறை ஊழியர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. இடத்துக்கு மீறிய கூட்டத்தை வைத்துக்கொண்டு அவர்களும் அல்லல்படுகிறார்கள். கோர்ட்டுக்கு ஒரு புகார் போனால் நல்ல அதிகாரிக்கும் அது கைகொடுக்கும்.

நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும் தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன, தொழிற்சங்கத்தில் பழகிய பெரியவர்கள் இருக்கிறார்கள், கன்னடமும் தமிழும் அறிந்த வக்கீல்களும் குமாஸ்தாக்களும் இருக்கிறார்கள். வாரம் ஒரு மாலை ஓரிடத்தில் அமர்ந்து, வருகிறவர்களுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். கைதியின் பெயர், சிறை எண், வழக்கு எண், கைதான தேதி, நடந்தது என்ன, கேட்பது என்ன: இவ்வளவுதான். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். கன்னடம் தெரியாத கைதிக்குச் சாட்சியத்தைப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். அதையும் அந்த மனுவிலேயே கேட்கலாம்.

பூமிக்குள் இறங்கியவனை மேலே கொண்டுவராமல் வீடு திரும்புவதில்லை என்பது சுரங்கத் தொழிலாளியின் தர்மம். சிறைக்குள் இருப்பவனுக்கும் அந்தத் தர்மம் பொருந்தும்.