பெயர் வந்தது, பிரிவு வரவில்லை

வெளியூர்களில் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகளுள் கணினி நிர்வாகம் பார்ப்போர் இன்று பலர். ஆக்டிவ் டைரக்டரி, ஓப்பன் எல்டாப் முதலிய மையப் பெயரேடுகளிலிருந்து ஊழியர் கணக்குகளைப் புதியதொரு மென்பொருளுக்குள் கொண்டுவருங்கால் அவர்களை வாட்டும் தொல்லை ஒன்றுண்டு. பெயர் வந்துவிடும், கடவுச்சொல்லும் செல்லும், கணக்குப் பிரிவா, பண்டகசாலையா என்னும் குழு மட்டும் வந்திராது. உள்ளே நுழைந்தவருக்கு ஒரு கோப்பும் திறவாது. மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போடவேண்டிய குமாஸ்தாவின் நிலையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்நிலையில் பலரும் ஊழியரின் பதிவையே துருவிப் பார்க்கின்றனர். குறை பெரும்பாலும் அங்கில்லை. ரயில்வேயில் ஒரு தொழிலாளி எந்தக் கேங்கைச் சேர்ந்தவர் என்பது அக்கேங்கின் மஸ்டர் ரோலில் இருக்குமேயன்றி அவர் சட்டைப்பையில் இராது. பெயரேட்டிலும் அவ்வாறே. உறுப்பினர் பெயர்கள் குழுவின் பதிவில்தான் எழுதப்படுகின்றன. ஆளின் பதிவில் தோன்றும் 'மெம்பர் ஆஃப்' என்பது அதன் நிழல். ஆக்டிவ் டைரக்டரி அந்நிழலைத் தானே காட்டும். ஓப்பன் எல்டாப்போ, அதற்கென உள்ள துணைப்பகுதியை இயக்கினாலன்றிக் காட்டாது. ஆகவே குழுவின் பதிவை முதலில் திறந்து காண்க.

காணும்போது பெயரின் வடிவத்தையும் நோக்குக. சிலவகைக் குழுக்களில், ஆள், பிரிவு, நிறுவனம் யாவும் கோத்த நெடும்பெயர் இருக்கும். 1998-ல் வெளியான ஆர்.எஃப்.சி. 2307 வகுத்த யூனிக்ஸ் குழுக்களிலோ நுழைவுப்பெயர் மட்டுமே இருக்கும். மென்பொருள் நெடும்பெயரைத் தேட, ஏட்டில் குறும்பெயர் இருப்பின், இரண்டும் பொருந்தவே மாட்டா. பிழைச்செய்தி ஒன்றும் வராமலே போவதும் உண்டு, கொடுமை அதுதான்.

ஆக்டிவ் டைரக்டரிக்கு வேறு சில வழக்கங்கள் உள. ஒருவரின் முதன்மைக் குழு 'மெம்பர் ஆஃப்' பட்டியலில் வாராது. குழுவுக்குள் குழு இருந்தால், நேரடிக் குழு மட்டுமே அதில் தோன்றும். பெருங்குழுவின் உறுப்பினரை இயல்பாக 1500 பெயர்வரைதான் ஒரே தடவையில் தரும். மீதியை மென்பொருள் தவணையாகக் கேட்டு வாங்கவேண்டும். அவ்வாறு கேளாத மென்பொருளில் எஞ்சியோர் குழுவின்றி நிற்பர்.

அவசரத்தில் எல்லோரையும் நிர்வாகிகள் குழுவில் தள்ளிவிடுவோரும் உளர். வேலை அன்றைக்கு நடந்துவிடும். பிறர் சம்பளமும் மருத்துவச் சீட்டும் எவர் கண்ணிலும் படும். இதை நாம் ஒருபோதும் ஒப்போம். இதைப்போலவே, மாற்றலாகிச் சென்றவரைப் பழைய குழுவிலிருந்து மென்பொருள் நீக்குகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். சேர்க்க மட்டும் தெரிந்து, நீக்கத் தெரியாத ஏற்பாடுகள் பல.

அனைவரையும் ஏற்றுமுன் மூவரை மட்டும் ஏற்றிப் பார்ப்பது நன்று: நேரடிக் குழுவில் உள்ளவர் ஒருவர், உட்குழுவில் உள்ளவர் ஒருவர், அண்மையில் மாற்றலானவர் ஒருவர்.