வெட்டினோம், விட்டுவிட்டோம்

சீமைக்கருவேலம் நம் கண்மாய்களை அழித்துவிட்டது என்று சொல்லியே ஒரு தலைமுறையைக் கழித்துவிட்டோம். அதில் பாதிதான் உண்மை. கண்மாயை நாம் கைவிட்ட பிறகே அது அங்கே வேரூன்றியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொந்த வயலில் ஒரு கன்று முளைத்தால் கண்ணில் பட்டதும் பிடுங்கி எறிகிறோம். அதே கன்று உள்வாயிலோ வரத்துக்காலிலோ மேய்ச்சல் புறம்போக்கிலோ முளைத்தால் தாண்டிப் போய்விடுகிறோம். பொதுநிலத்தைக் கேட்பாரற்ற நிலமாக நடத்திய பழி நம் எல்லோர்மீதும் இருக்கிறது.

இந்த மரம் மத்திய, தென் அமெரிக்க வறண்ட நிலங்களைச் சேர்ந்தது. 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விதைத்தார்கள். வறட்சி தாங்கும், விறகுக்கு ஆகும் என்பது கணக்கு. சுதந்திரத்துக்குப் பிறகும் அதே காரணங்களுக்காக வறண்ட மாவட்டங்களில் அது பரப்பப்பட்டது. ஏழை வீட்டு அடுப்பு அதனால் எரிந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் வைத்த இடத்தைத் தாண்டிப் பரவினால் யார் கவனிப்பது என்று வைத்தவர்கள் கேட்கவில்லை. வாங்கிக்கொண்ட நாமும் கேட்கவில்லை.

அது எப்படிப் பரவுகிறது என்பது ஆடுமாடு மேய்க்கும் எவருக்கும் தெரியும். நெற்று இனிப்பாக இருக்கும். கோடையில் வேறு தீவனம் இல்லாதபோது மாடு விரும்பித் தின்னும். கெட்டித் தோல் கொண்ட விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியே வரும். முதல் மழைக்குப் பிறகு கண்மாய்க்குள் நடந்தால், காய்ந்த சாணத்தைப் பிளந்துகொண்டு நாலைந்து கன்றுகள் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்க்கலாம். அந்தப் பருவத்தில் இரண்டு விரல் போதும், வேரோடு வந்துவிடும். ஓரிரு வருஷம் விட்டால் கடப்பாரை வேண்டும். இன்னும் விட்டால் பொக்லைன்தான். ஒவ்வொரு ஊரிலும் பொக்லைன் தேவைப்படும் நாள்வரை காத்திருந்தோம்.

ஒரு காலத்தில் கோடை வந்தால் குடிமராமத்து நடக்கும். வரத்துக்கால் வெட்டுவது, மடை பார்ப்பது, வண்டல் அள்ளுவது என்ற வேலைகளோடு களை எடுப்பதும் நடந்துவிடும். அந்த ஏற்பாட்டில் அநீதியும் இருந்தது. மண் சுமந்தவர்களுக்கு நிலம் இல்லை. தண்ணீர் போனது இன்னொருவர் வயலுக்கு. அதைத் திருத்தி, உழைத்தவருக்குக் கூலியும் உரிமையும் கொடுத்து வேலையைத் தொடர்ந்திருக்க வேண்டும். நாமோ வேலையையே கைவிட்டோம். ஆழ்குழாய்க் கிணறு போட முடிந்தவர்கள் மடைப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். பெரிய கண்மாய் பொதுப்பணித்துறைக்கு, சின்னது ஊராட்சி ஒன்றியத்துக்கு, நிலக் கணக்கு வருவாய்த்துறைக்கு, நட்ட மரம் வனத்துறைக்கு என்று பொறுப்பு சிதறிக் கிடந்தது. அந்தச் சிதறல் நமக்கும் வசதியாகப் போயிற்று. எந்தத் துறையைக் கேட்பது என்று தெரியவில்லை என்று சொல்லி, எவரையும் கேட்காமல் இருந்தோம்.

பிறகு வெட்டத் தொடங்கினோம். எப்படி வெட்டினோம் என்பதை அடிக்கட்டையைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுத்திருக்கும். விறகுக்கு அது போதும். அடுத்த மழையில் கட்டையைச் சுற்றித் தளிர்கள் கிளம்பும். ஒற்றை மரம் நின்ற இடத்தில் முள்புதர் எழும். தூரோடு தோண்டி எடுக்காதவரை இந்த மரம் சாகாது. ஏலம் எடுத்தவருக்கு மேலே உள்ள விறகு போதும், ஏலம் விட்ட ஊருக்குப் பணம் போதும். வேரைத் தோண்டும் செலவை யார் தலையில் வைப்பது என்று ஏல நிபந்தனையில் எழுதச் சொல்லி நாம் வற்புறுத்தவில்லை. சில ஆண்டு கழித்துப் புதர் மண்டியதும் மறுபடி ஏலம் விட்டோம். அந்த வருமானத்துக்கு ஊர் பழகிப்போனது.

2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னதும் ஊரெங்கும் வேகம் பிறந்தது. அந்த வேகத்தில் பொய்யையும் கலந்தோம். காற்றின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், அதன் நிழலில் கட்டிய மாடு சினை பிடிக்காது என்று ஆதாரம் கேட்காமல் கைபேசியில் பரப்பினோம். உண்மையே போதுமானதாக இருந்தது: ஆழமாக வேர்விட்டு நிலத்தடி நீரை எடுக்கிறது, அடியில் புல் பூண்டு வளர விடுவதில்லை, வரத்துக்காலை அடைக்கிறது. அறிவியலைக் கேட்காமல் வதந்தியைப் பிடித்துக்கொண்டதால், அகற்றுவதன் விளைவை ஆராய்ந்தீர்களா என்ற கேள்வி வந்தபோது நம்மிடம் பதில் இல்லை. அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையை 2022-ல்தான் தமிழ்நாடு அரசு வெளியிட்டது.

கரிமூட்டம் போடுகிறவர்களிடமும் நாம் எதையும் கேட்டதில்லை. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த மரம்தான் கஞ்சி. கட்டைகளை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, தீ வைத்துவிட்டு இரவும் பகலும் காவல் இருப்பார்கள். புகையின் நிறம் மாறுவதைப் பார்த்தே உள்ளே வெந்த பக்குவத்தைச் சொல்வார்கள். எந்தத் துளையை அடைப்பது, எதைத் திறப்பது என்று முடிவு செய்வார்கள். எந்தக் கண்மாயில் எது எவ்வளவு சீக்கிரம் துளிர்க்கும் என்பது அவர்களுக்கு அத்துபடி. அகற்றும் வேலைக்குத் திட்டம் போட்டபோது அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. பறவைகளையும் நினைக்கவில்லை. சித்திரங்குடி போன்ற சரணாலயங்களில் வலசை வரும் பறவைகள் இந்த முள்மரங்களிலும் கூடு கட்டுகின்றன. நாட்டுக் கருவேலம் வளர்ந்து கிளை தருவதற்குள் இருப்பதை எல்லாம் ஒரே மூச்சில் சாய்த்தால் அவை எங்கே போகும்? பகுதி பகுதியாக அகற்றி, பகுதி பகுதியாக நட வேண்டிய இடம் அது.

காட்டிலும் இதே கதைதான். பூச்செடியாக வந்த உண்ணிச்செடி, இந்தியாவின் புலி வாழும் காடுகளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் பரவியிருப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு சொன்னது. வேர்க்கழுத்தை மண்ணுக்குச் சற்றுக் கீழே வெட்டிப் புதரைத் தலைகீழாகக் கவிழ்க்கும் முறையைப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு உருவாக்கியது. கவிழ்த்ததோடு வேலை முடியாது. பறவைகள் எச்சமிடும் மரங்களின் அடியில் முளைக்கும் கன்றுகளைத் திரும்பத் திரும்பப் பிடுங்கி, அந்த இடத்தில் புல்லைக் கொண்டுவர வேண்டும் என்பதும் அந்த முறையில் அடக்கம். பிலிகிரி ரங்கன் மலையின் சோளகர்கள், தாங்கள் காலங்காலமாக வைத்த சருகுத் தீ தடுக்கப்பட்ட பிறகுதான் உண்ணிச்செடி பெருகியது என்று சொல்லி வருகிறார்கள். அவர்கள் பேச்சை அறிவாக எடுத்துக்கொள்ள நமக்கு வெகுகாலம் ஆயிற்று.

இவை எல்லாவற்றிலும் நாம் தவறவிட்டது ஒன்றுதான்: தொடர்ந்து கவனிப்பது. அகற்றும் நாளில் கூட்டம் கூடுகிறது, படம் எடுக்கிறோம். மண்ணுக்குள் கிடக்கும் விதை அடுத்தடுத்த மழைகளில் முளைக்கும்போது அங்கே ஆளில்லை. எனவே பணத்தைப் பிரிக்கும் முறை மாற வேண்டும். பொக்லைனுக்கு ஒதுக்கும் தொகையோடு, அடுத்த ஐந்து மழைக்குக் கன்று பிடுங்கும் கூலியையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். அடர்ந்த இடத்தில் தொடங்காமல், இப்போதுதான் கன்று தலைகாட்டும் கண்மாய்களை முதலில் காப்பாற்ற வேண்டும். அங்கே செலவும் குறைவு, பலனும் நிச்சயம். நெற்றைப் பொறுக்கி, விதையும் நொறுங்கும்படி அரைத்துத் தீவனமாக்கினால் மாடும் பிழைக்கும், விதையும் பரவாது. கரையில் பனையும் புங்கமும் நீர்மருதும் நட்டு, அவை தலை எடுக்கும்வரை ஆடு கடிக்காமல் பார்க்க ஆள் போட வேண்டும்.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் தேவையில்லை. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் நாம் எழுந்து கேட்க வேண்டும்: போன வருஷம் வெட்டிய கண்மாயில் இந்த மழைக்குப் பிறகு கன்று பிடுங்கப் போனவர்கள் யார், அவர்களுக்கான கூலி எந்தக் கணக்கில் இருக்கிறது? பதில் இல்லையென்றால் தீர்மானத்தை நாமே எழுதிக் கொடுப்போம். முதல் நாள் வேலைக்கு நாமும் இறங்குவோம். இத்தனை காலம் சும்மா இருந்ததற்கு நாம் செய்யக்கூடிய ஈடு அதுதான்.