அந்த விமானத்தில் அன்னாவும் இருந்தார்

ஆத்திரம் அடங்கவில்லை. 2024 மே 19 அன்று ஈரான் அதிபர் ரைசியின் குழுவோடு கிளம்பியவை மூன்று ஹெலிகாப்டர்கள். இரண்டு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. மலையில் விழுந்த மூன்றாவதில்தான் அதிபரும் இருந்தார், வெளியுறவு அமைச்சரும் இருந்தார். மூன்று இருக்கும்போது இருவரையும் ஏன் ஒன்றிலேயே ஏற்ற வேண்டும்? அமெரிக்காவில் அதிபரும் துணை அதிபரும் பொதுவாக ஒரே விமானத்தில் பறப்பதில்லை. இது ஊரறிந்த வழக்கம். ஆனால் பெரியவர் "நீங்களும் ஏறுங்கள்" என்றால் மறுத்துச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

போலந்து பட்டும் திருந்தவில்லை. 2008 ஜனவரியில் விமானப் பாதுகாப்பு மாநாட்டிலிருந்து திரும்பிய விமானப்படை அதிகாரிகள் ஒரே விமானத்தில் போய் விழுந்தார்கள். 20 பேர் இறந்தார்கள். இரண்டே ஆண்டுகள். 2010 ஏப்ரல் 10, ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் மூடுபனியில் விமானம் விழுந்து அதிபர் காசின்ஸ்கி, அவர் மனைவி, முப்படைத் தளபதிகள், மத்திய வங்கித் தலைவர் என 96 பேரும் மாண்டார்கள். 1940இல் சோவியத் ரகசியப் போலீஸ் சுட்டுக் கொன்ற போலந்து அதிகாரிகளுக்கு காத்தினில் அஞ்சலி செலுத்தப் போனவர்கள் அவர்கள்.

அதிபர் பொறுப்பை அன்றைக்கே நாடாளுமன்ற சபாநாயகர் ஏற்றார். தளபதிகளின் இடங்களும் நிரம்பின. அதே விமானத்தில் எந்தப் பதவியும் இல்லாத ஒரு மூதாட்டி இருந்தார். அன்னா வாலென்டினோவிச், வயது 80.

க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராகச் சேர்ந்து கிரேன் ஓட்டுநரானவர். தொழிலாளர் உரிமைக்காகப் போராடினார் என்பதற்காக, ஓய்வுபெறச் சில மாதங்களே இருக்கையில் 1980 ஆகஸ்டில் வேலையைவிட்டுத் தூக்கினார்கள். அவரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லித்தான் வேலைநிறுத்தமே வெடித்தது. இரண்டு நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. போராட்டம் முடிந்தது என்று வேலைநிறுத்தத் தலைவர் வலேசா அறிவித்துவிட்டார். அன்னாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தாயிற்று, அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் இவர்களை நம்பி வேலையை நிறுத்திய சிறிய ஆலைகளின் கதி? அன்னாவும் ஆலினா பியென்கோவ்ஸ்கா என்ற செவிலியரும் வாயிலுக்கு ஓடி, வெளியேறிக்கொண்டிருந்தவர்களை மறித்துப் பேசி நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் தொடர்ந்தது. அரசு ஆகஸ்ட் 31இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் 'சாலிடாரிட்டி' என்ற தொழிற்சங்கம்.

விபத்துக்குப் பின் அவரைச் சரியாக அடையாளம்கூடக் காணவில்லை. 2012இல் தோண்டிப் பார்த்தபோது, அவர் பெயரிட்ட கல்லறையில் கிடந்தது வேறொருவர் உடல். மகன் மறுபடி அடக்கம் செய்ய வேண்டியிருந்தது.

1983இல் நோபல் பரிசு வலேசாவுக்குப் போனது. அவரும் பெரிய மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்று அந்த வாயிலை மறித்தவர் அன்னா. நான் என்றைக்கும் அவர் பக்கம்தான்.